முட்டை, பால் சேர்க்காத வாழைப்பழப் பேன்கேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு திருவையாற்றுக்குப் பக்கத்தில். கொள்ளிடப் படுகையில் கொஞ்சம் வாழை இருக்கிறது. வெட்டு நடக்கும்போது ஒரு தார் வீட்டுக்கு வந்துவிடும். எட்டு சீப்பும் பத்து சீப்பும் ஒரேயடியாகப் பழுக்கும். முதல் மூன்று நாள் வீட்டில் எல்லாரும் ஆசையாகச் சாப்பிடுவார்கள். நான்காம் நாள் தோலில் கரும்புள்ளி விழும். ஐந்தாம் நாள் காம்பு நைந்து பழம் தானாகக் கழன்று விழும். அந்தக் கடைசிச் சீப்பை வீணாக்க மனசு வராமல்தான் இந்தப் பேன்கேக்கைச் செய்யத் தொடங்கினேன். சின்ன மகளுக்குப் பாலும் முட்டையும் ஒவ்வாது, அதனால் இரண்டும் இல்லாமலே பழகிவிட்டது. சொந்தக்காரர்களும் தோழிகளும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பேன்கேக் என்றால் என்ன? நம் வீட்டில் யாராவது சாப்பிடுவார்களா?

கார்த்திகைக்கு அப்பம் சுடுகிறீர்கள் அல்லவா? கோதுமை மாவு, வெல்லம், நன்றாகக் கனிந்த பழம், ஏலக்காய். பேன்கேக் மாவும் கிட்டத்தட்ட அதேதான். அப்பம் எண்ணெயில் வேகிறது. இங்கே நான் சொல்லும் பேன்கேக் ஓவனில், ஒரே தட்டில், அனலில் வேகிறது. மாவு உப்புவதற்கு பேக்கிங் பவுடர் போடுகிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, "அப்பம்தான், எண்ணெய் குடிக்காத அப்பம்" என்றார்.

இப்படிச் செய்வதை வீகன் என்கிறார்களே, அது சைவம்தானே?

இல்லை. சைவத்தில் பால், தயிர், நெய், வெண்ணெய் எல்லாம் உண்டு. வீகனில் விலங்கிடமிருந்து வரும் எதுவும் கிடையாது, தேன் உட்பட. தமிழில் நனிசைவம் என்கிறார்கள்.

கடையில் பொருள் வாங்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம். பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளி சைவம் என்பதற்குத்தான் அடையாளம், அதில் பால் பவுடர் இருக்கலாம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வீகன் உணவுகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அதற்குத் தனிச் சின்னமும் உண்டு: பச்சை நிறத்தில் ஆங்கில 'V' எழுத்து, அதன் மேல் ஒரு சின்ன இலை. ஒருமுறை ஒரு பேக்கரியில் "சுத்த சைவம்" என்று சொல்லிக் கொடுத்த பன்னைச் சாப்பிட்டு, மகளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு. ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் புள்ளியைப் பார்க்காதீர்கள், பின்பக்கம் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள்.

சரி, அளவு சொல்லுங்கள்.

நான்கு பேருக்கு: தோல் உரித்த கனிந்த பழம் 200 கிராம் (நடுத்தரப் பூவன் என்றால் நான்கு வரும்), கோதுமை மாவு 100 கிராம், அரிசி மாவு 50 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 150 மி.லி., வெல்லத்தூள் இரண்டு மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஏலக்காய் மூன்று. மேலே வைக்க நறுக்கிய பழம் ஒரு கைப்பிடி.

முதலில் ஓவனை 180 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பழத்தைக் கையால் மசித்து உடனே எலுமிச்சைச் சாறு விடுங்கள், இல்லையென்றால் கறுத்துவிடும். மிக்சியில் அடித்தால் கூழாகிப் பசை மாதிரி ஆகிவிடும். கையால் மசித்தால் அங்கங்கே சின்னச் சின்னத் துண்டு நிற்கும், வாயில் படும்போது அதுதான் ருசி. இதில் வெல்லம், தேங்காய்ப்பால், எண்ணெய் சேருங்கள். இன்னொரு பாத்திரத்தில் மாவு, பேக்கிங் பவுடர், உப்பு, ஏலக்காய்த்தூள் நான்கையும் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள். ஈரத்தில் மாவைக் கொட்டி, வெள்ளையாக மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கிளறுங்கள். பதம்: இட்லி மாவைவிடச் சற்று இளக்கம், தோசை மாவைவிடக் கெட்டி. எட்டு அங்குல வட்டத் தட்டில் ஊற்றி, மேலே பழத்தைப் பரப்பி, 22 முதல் 25 நிமிடம் வேக விடுங்கள். வெந்ததும் பத்து நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும்.

எந்த வாழைப்பழம் நல்லது?

எல்லாரும் கேட்கும் கேள்வி மாவைப் பற்றியும் ஓவனைப் பற்றியும்தான். இந்தப் பலகாரத்தின் குணத்தைத் தீர்மானிப்பது பழம். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் "வாழைப்பழம் இரண்டு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், அங்கே கிடைப்பது பெரும்பாலும் ஒரே ரகம். நம் பக்கம் அப்படியா? தஞ்சாவூர் மார்க்கெட்டில் ஒரே கடையில் ஐந்து வகைத் தார் தொங்கும். தொட்டியம், முசிறியில் தொடங்கி காவிரிக் கரையெங்கும் வாழைதான். வாழைக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் 1993-லிருந்து திருச்சியில்தான் இயங்குகிறது. இத்தனை ரகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஏதோ ஒரு பழம் என்று போடக் கூடாது.

என் முதல் தேர்வு பூவன். இனிப்போடு மெல்லிய புளிப்பு இருக்கிறது. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேரும்போது திகட்டாமல் காப்பாற்றுவது அந்தப் புளிப்புதான். மாவும் அழகாக உப்பும்.

கற்பூரவல்லி இருந்தால் வெல்லமே வேண்டாம். தோல் கறுத்த கற்பூரவல்லியை மசித்துப் பாருங்கள், தேன் மாதிரி இழுக்கும். ஆனால் அந்தப் பசைத்தன்மையால் மாவு கனத்துவிடும். அதனால் பழத்தை 150 கிராமாகக் குறைத்து, தேங்காய்ப்பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். மேல்பக்கம் சீக்கிரம் சிவக்கும், கடைசி ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

ரஸ்தாளி மணத்துக்கு ஈடு கிடையாது. ஓவன் கதவைத் திறந்ததும் கூடம் வரை வாசனை போகும். ஒரே சிக்கல், சில பழங்களில் நடுவே கட்டி விழுந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மசிக்கும்போது விரலில் கெட்டியாகத் தட்டுப்படும். அதை மசிக்கப் பார்க்காதீர்கள், எடுத்துப் போட்டுவிடுங்கள். வெந்த பிறகும் அது அப்படியேதான் நிற்கும்.

நேந்திரன் மாவுச்சத்து கூடியது. தோலோடு ஆவியில் வேகவைத்து, ஆறியபின் மசித்துச் சேர்த்தால் நன்றாக இருக்கும், நிறமும் மஞ்சளாக வரும். பச்சைப்பழத்தில் தண்ணீர் அதிகம், தேங்காய்ப்பாலைக் குறைக்க வேண்டும். மொந்தன் வேண்டாம், அது பஜ்ஜிக்கும் கறிக்கும் இருக்கட்டும்.

எவ்வளவு கனிந்திருக்க வேண்டும்?

தோலில் பாதிக்கு மேல் கரும்புள்ளி விழுந்திருக்கட்டும். காயில் இருக்கும் மாவுச்சத்துதான் பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. அரைகுறையாகப் பழுத்ததைப் போட்டால் இனிப்பும் வராது, துவர்ப்பும் தங்கிவிடும். தோல் முழுக்கக் கறுத்திருந்தாலும் உள்ளே வெண்மையாக, நல்ல மணத்தோடு இருந்தால் தாராளமாகப் போடலாம். புளித்த வாடை வந்தாலோ, தண்ணீர் கசிந்தாலோ எருக்குழிக்குத்தான்.

தோல் பளிச்சென்று மஞ்சளாக, காம்பு மட்டும் பச்சையாக இருக்கும் பழத்தைப் பார்த்தால் யோசியுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எங்கள் பக்கம் தாரை வைக்கோல் போட்டு மூடி வைப்பார்கள், அல்லது மூட்டம் போடுவார்கள். வீட்டில் ஒரு சீப்புக்கு அரிசிப் பானையே போதும்.

முட்டை இல்லாமல் மாவு எப்படி உப்பும்? உதிர்ந்துபோகாதா?

முட்டை இரண்டு வேலை செய்கிறது, மாவைப் பிடித்துவைக்கிறது, கொஞ்சம் உப்பவும் வைக்கிறது. பிடித்துவைக்கும் வேலையை மசித்த பழம் பார்த்துக்கொள்ளும். ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் மசித்த பழம் என்பது கணக்கு. உப்பவைப்பது பேக்கிங் பவுடர். அதில் சோடா உப்பும் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து வாயு கிளம்புகிறது, சூட்டில் இன்னும் கிளம்புகிறது. அதனால் கலந்த மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

பேக்கிங் பவுடர் டப்பா அலமாரியில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று பாருங்கள். அரைத் தேக்கரண்டியை வெந்நீரில் போட்டால் பொங்கி நுரைக்க வேண்டும். சும்மா கரைந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். எனக்குத் தட்டையாக வந்த மூன்று பேன்கேக்குக்கும் காரணம் அந்தப் பழைய டப்பாதான்.

இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் ஆளி விதைப் பொடி ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். வழுவழுவென்று வெண்டைக்காய்ப் பசை மாதிரி ஆகும். மேலே நிறையப் பழம் வைக்கும் நாளில் மட்டும் நான் இதைச் சேர்க்கிறேன்.

மைதா இல்லாமல் மெத்தென்று வருமா?

வரும். மைதா அளவுக்குப் பஞ்சு போல இருக்காது, அப்பம் மாதிரி கொஞ்சம் கனமாக, ஈரப்பதத்தோடு இருக்கும். காலையில் சாப்பிட அதுதான் நிறைவு.

அரிசி மாவுக்கு நான் எடுப்பது மாப்பிள்ளைச் சம்பா. சிவப்பரிசி, தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்து உண்டு, கடலை வறுத்த மாதிரி ஒரு மணமும் உண்டு. இந்த அரிசியெல்லாம் இன்று கடையில் கேட்டால் கிடைக்கிறதென்றால் அதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேடு நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்தவர். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விவசாயிகளுக்கு விதைநெல்லைப் பரப்பினார். 2018-ல் காலமானார். மாப்பிள்ளைச் சம்பாவைக் கழுவும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு அவர் நினைவு வரும்.

அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, மில்லில் நைஸாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். சிவப்பரிசி மாவு கொஞ்சம் நறநறக்கும், அதனால் அதை மற்ற மாவோடு சலிக்காமல் தேங்காய்ப்பாலில் கால் மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு மற்றதைச் சேருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அரிசியில் பசைத்தன்மை தரும் குளூட்டன் இல்லாததால் துண்டு போடும்போது உதிரும்.

தேங்காய்ப்பால் கொழுப்பு இல்லையா? வேறு ஏதாவது ஊற்றலாமா?

கொழுப்புதான், அதுவும் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. ஆனால் 150 மி.லி. நான்கு பேருக்குப் பிரிகிறது. தினமும் செய்யாமல் வாரம் ஒன்றிரண்டு நாள் என்றால் நான் கவலைப்படுவதில்லை. இதய நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் நிலக்கடலைப் பால் ஊற்றுங்கள்: 50 கிராம் பச்சைக் கடலையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, 250 மி.லி. தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, ஒரு கொதி விட்டு ஆறவையுங்கள். மகள் இதைத்தான் அதிகம் விரும்புகிறாள்.

தேங்காய் எங்களுக்குப் பேராவூரணியில் இருக்கும் அத்தை வீட்டிலிருந்து வரும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அத்தை நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. அந்தத் தேங்காயில் பிழிந்த பாலை அளந்துதான் ஊற்றுகிறேன், ஒரு சொட்டையும் வீணாக்குவதில்லை. இரண்டாம் பாலைக் குழம்புக்கு எடுத்துவைத்துவிடுவேன்.

ஓவன் இல்லை. என்ன செய்வது?

அடிகனமான பழைய இரும்பு வாணலி இருக்கிறதா? அதில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, நடுவில் ஒரு வளையமோ சின்ன முக்காலியோ வைத்து, கனமான மூடி போட்டு நடுத்தரத் தீயில் பன்னிரண்டு நிமிடம் சூடாக்குங்கள். தட்டை உள்ளே இறக்கி மூடி, தீயைக் குறைத்து 35 நிமிடம் விடுங்கள். அரை மணி நேரத்துக்கு முன்னால் மூடியைத் திறக்காதீர்கள். மேல்பக்கம் சிவக்காமல் வெளுப்பாக இருக்கும், ருசியில் குறை இருக்காது. உப்பை ஆறவைத்து டப்பாவில் போட்டுவைத்தால் அடுத்த முறையும் ஆகும். சமையலுக்கு மட்டும் திரும்ப எடுக்க வேண்டாம்.

பணியாரச் சட்டியிலும் இதே மாவை ஊற்றலாம். பிள்ளைகளுக்கு அந்த உருண்டை வடிவம் பிடிக்கும். தோசைக்கல் என்றால் உள்ளங்கை அளவுக்கு ஊற்றி, சின்னத் தீயில் மூடி வைத்துச் சுடுங்கள்.

தட்டில் ஒட்டிக்கொள்கிறது. பட்டர் பேப்பர் வாங்க வேண்டுமா?

வாழை இலை இருக்கும்போது எதற்கு? நடு நரம்பை நீக்கி, இலையைத் தணலில் இரண்டு முறை காட்டுங்கள். பச்சை கரும்பச்சையாக மாறி, இலை துணி மாதிரி துவளும். வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழியும், மாவு அடியில் இறங்கிவிடும். வாட்டிய இலையைத் தட்டில் விரித்து, விளிம்புக்கு மேல் ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டு, எண்ணெய் தடவி மாவை ஊற்றுங்கள். வெந்ததும் இலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கினால் அப்படியே வந்துவிடும். ஓரம் கருகும், பரவாயில்லை. அடியில் இலையின் வரி வரியாகத் தடம் பதிந்திருக்கும், எலுமிச்சை இலையை நெருப்பில் காட்டியது போல ஒரு வாசனையும் ஏறியிருக்கும்.

மேலே சிவந்துவிட்டது, நடுவில் வேகவில்லை. ஏன்?

பழம் அளவுக்கு மேல் போயிருக்கும், அல்லது ஓவனை முன்கூட்டிச் சூடாக்கியிருக்க மாட்டீர்கள். ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டினால் மேலே இன்னொரு வாட்டிய இலையை மூடி ஆறு நிமிடம் விடுங்கள். ரப்பர் மாதிரி இழுத்தால் அது வேறு தவறு: மாவை அதிகம் கிளறியிருக்கிறீர்கள்.

மேலே என்னென்ன பழம் வைக்கலாம்?

அந்தந்தப் பருவத்துக்கு என்ன கிடைக்கிறதோ அது. சித்திரை, வைகாசியில் மாம்பழமும் பலாச்சுளையும். ஐப்பசிக்கு மேல் கொய்யா, விதையை எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்குங்கள். மாதுளை முத்துகளை வெந்தபின் தூவுங்கள். பப்பாளி, தர்பூசணி மாதிரி தண்ணீர்ப் பழங்களை ஓவனுக்குள் வைக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள்.

ஆனி, ஆடியில் நாவல் பழம் வரும். அதன் சதையைச் சேர்த்தால் ஊதா நிறத்தில் அழகாக வரும் என்று நினைத்து, சீக்கிரம் உப்பட்டும் என்று கூடுதலாகச் சோடா உப்பும் போட்டேன். வெந்து வந்தது பாசி படிந்த குளம் மாதிரி பச்சை கலந்த சாம்பல் நிறம். நாவலில் இருக்கும் நிறமி புளிப்பில் சிவப்பாகவும் காரத்தன்மையில் நீலப் பச்சையாகவும் மாறும். நாவல் போடும் நாளில் சோடா உப்பு கூடாது, எலுமிச்சைச் சாற்றை இன்னொரு அரைத் தேக்கரண்டி கூட்டுங்கள். நிறம் நின்றுவிடும்.

வெல்லம் போட்டால் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாமா?

வெல்லம் என்றால் கெடுதல் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வீரமாங்குடி அச்சு வெல்லமானாலும், நாட்டுச் சர்க்கரையானாலும், கருப்பட்டியானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். மணமும் சிறிது தாதுச்சத்தும் கூடுதல், அவ்வளவே. இரத்தச் சர்க்கரையை அது ஏற்றத்தான் செய்யும். கனிந்த வாழைப்பழமும் ஏற்றும். எங்கள் மாமனாருக்குச் செய்யும்போது வெல்லம் இல்லாமல், பழத்தைப் பாதியாக்கி, மேலே கொய்யா வைத்து, ஒரு சின்னத் துண்டு மட்டும் கொடுக்கிறேன், கூடவே சுண்டல். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வார். உங்கள் வீட்டில் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காலை உணவுக்கு இது மட்டும் போதுமா?

ஒரு பங்கில் சுமார் 300 கலோரி வரும், ஆனால் புரதம் ஐந்தாறு கிராம்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது காணாது. ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ, முளைகட்டிய பயறோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ சேர்த்துக் கொடுங்கள். முழுக்க வீகனாக இருப்பவர்கள் பி12 வைட்டமினைக் கவனிக்க வேண்டும். செடி கொடியில் அது நம்பும் அளவுக்குக் கிடைக்காது. மாத்திரையாகவோ, பி12 சேர்த்த உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். மகளுக்கு மருத்துவர் சொல்லித்தான் கொடுக்கிறோம்.

முதல் நாள் இரவே கரைத்து வைக்கலாமா?

கரைத்து வைக்காதீர்கள். உலர்ந்த மாவுக் கலவையைச் சலித்து டப்பாவில் போட்டு வையுங்கள், தேங்காய்ப்பாலைப் பிழிந்து பிரிட்ஜில் வையுங்கள். காலையில் பழத்தை மசிப்பது மட்டும்தான் வேலை. ஓவன் சூடாவதற்குள் மாவு தயார்.

டிபன் பாக்ஸுக்கு ஆகுமா?

மதியம் வரை தாங்கும். முழுக்க ஆறியபின் கட்டுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்து நொசநொசத்துவிடும். தேங்காய்ப்பால் சேர்ந்திருப்பதால் நம் ஊர் வெயிலுக்குச் சாயந்திரம் வரை வைக்க வேண்டாம். பிரிட்ஜில் இரண்டு நாள் இருக்கும், தோசைக்கல்லில் சூடுகாட்டிக் கொடுங்கள்.

மேலே தேனோ நெய்யோ விடலாமா?

வீகனுக்கு இரண்டும் ஆகாது. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி வடிகட்டி, ஒரு துண்டு சுக்கு தட்டிப்போட்ட பாகு இதற்கு நன்றாகப் பொருந்தும்.

கூடக் குடிக்க?

கும்பகோணம் டிகிரி காபி பழகிய நாக்குக்குப் பால் இல்லாத காபி சிரமம்தான். சுக்கு மல்லிக் காபி போட்டுப் பாருங்கள். வாழைப்பழ இனிப்புக்கு அந்தக் காரம் எடுப்பாக இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது பால் குடிக்கிறவர்களும் பேன்கேக் அன்று அதைத்தான் கேட்கிறார்கள்.